சென்னையில் ஆபீஸுக்கு காரா, ரயிலா, பஸ்ஸா? அடிக்கடி வரும் கேள்விகளும் என் பதில்களும்

வீடு குரோம்பேட்டையில். நான்கு வருஷம் சோழிங்கநல்லூரில் இருந்த ஆபீஸுக்குக் காரில் போய்வந்தேன், இப்போது தேனாம்பேட்டைக்கு லோக்கல் ரயிலிலும் மெட்ரோவிலும் போகிறேன். இரண்டையும் அனுபவித்தவன் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள், ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்கள், மாடி வீட்டுத் தம்பி என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

காரை விட்டுவிட்டு ரயிலுக்கு எப்படி மாறினீர்கள்? சுற்றுச்சூழல் அக்கறையா?

அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை என்னவென்றால் ஆபீஸ் இடம் மாறியது, நானும் மாறினேன். சோழிங்கநல்லூரில் இருந்தவரை ரயில் என்ற நினைப்பே வரவில்லை. தேனாம்பேட்டை என்றதும் முதல் வாரம் பழக்கதோஷத்தில் கார் எடுத்தேன். மூன்றாம் நாள் சைதாப்பேட்டையில் நின்ற இடத்திலேயே இருபது நிமிஷம் நின்றபோது, கீழே சுரங்கத்தில் மூன்று நிமிஷத்துக்கு ஒரு மெட்ரோ போய்க்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் வந்தது. மறுநாள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினேன். இந்த ஊரில் யார் காரில் போகிறார், யார் ரயிலில் போகிறார் என்பதைப் பெரும்பாலும் ஆபீஸ் முகவரிதான் தீர்மானிக்கிறது. கீழே வரும் பதில்கள் எல்லாமே ஏதாவது ஒரு வழியில் இங்கேதான் வந்து நிற்கும்.

எது சீக்கிரம் போய்ச் சேரும்?

எங்கிருந்து எங்கே என்று சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. கணக்கு போடும்போது எல்லோரும் ஒரு தப்பு செய்கிறார்கள். ரயிலுக்கு ஸ்டேஷனிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும், காருக்குக் கூகுள் மேப் காட்டும் நேரத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டுக் கதவைப் பூட்டும் நேரத்திலிருந்து ஆபீஸ் நாற்காலியில் உட்காரும் நேரம் வரை எண்ணினால்தான் கணக்கு.

என் கணக்கு இது. ஸ்டேஷனுக்கு நடை எட்டு நிமிஷம். பீச் ஸ்டேஷன் போகும் வண்டிக்குக் காத்திருப்பது சுமார் ஆறு. கிண்டி வரை பதினேழு. கிண்டியில் கூட்டத்தோடு படி ஏறி இறங்கி மெட்ரோவுக்குப் போக ஏழு, அங்கே காத்திருக்க மூன்று, தேனாம்பேட்டை வரை ஒன்பது, அப்புறம் ஆபீஸுக்கு நடை ஆறு. ஆக மொத்தம் 56. இதே தூரம் காரில் நல்ல நாளில் 45, கெட்ட நாளில் 80. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் 35 நிமிஷத்திலேயே போய்விடலாம், அதையும் மறைக்கக் கூடாது.

பார்த்தால் கார் கொஞ்சம் வேகம் போலத்தான் தெரியும். ஆனால் 56 என்பது கிட்டத்தட்ட தினமும் 56தான். காரில் போனால் 45-ஆ 80-ஆ என்று காலையில் தெரியாது. ஒன்பதரை மணிக்கு மீட்டிங் என்றால் 80-ஐ நம்பித்தான் கிளம்ப வேண்டும், அப்புறம் அந்த மிச்ச நேரம் ஆபீஸ் கார் பார்க்கிங்கில் கழியும். சராசரி நேரத்தை விட இந்த நிச்சயமின்மைதான் ஆளைத் தின்கிறது என்பது என் அனுபவம்.

செலவில் எவ்வளவு வித்தியாசம்?

சிட்டி டிராஃபிக்கில் என் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும். ஷோரூமில் சொன்ன எண் வேறு, அதை விடுங்கள். போகவர 30 கிலோமீட்டர் என்றால் இரண்டரை லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 250, மாதம் 22 நாளுக்கு 5,500. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஒரு முப்பதாயிரம், அதாவது மாதம் 2,500. மொத்தம் 8,000. இதில் கார் லோன் தவணை இல்லை, பார்க்கிங் இல்லை.

லோக்கல் ரயிலில் குறைந்தபட்ச டிக்கெட்டே இன்னும் 5 ரூபாய்தான். பீச்சிலிருந்து தாம்பரம் வரைக்கும் போனாலும் 10 ரூபாய். மாத சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் மலிவு. மெட்ரோவில் குறைந்தது 10, அதிகபட்சம் 50, கார்டிலோ க்யூஆர் டிக்கெட்டிலோ போனால் 20 சதவீதம் கழிவு. நான் தாராளமாக நாளைக்கு 60 ரூபாய் என்று போடுகிறேன், மாதம் 1,320. மழை, அசதி, லேட் என்று ஆட்டோவுக்கு ஒரு 700. இரண்டாயிரத்தில் முடிந்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லவேண்டும். கார் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, விற்கப் போவதும் இல்லை என்றால் இன்சூரன்ஸும் லோன் தவணையும் ரயிலில் போனாலும் கட்டத்தான் வேண்டும். அப்போது மிச்சமாவது பெட்ரோல் காசும் கொஞ்சம் தேய்மானமும்தான். புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒரே வழியில் ஒரே காரில் போகிறார்கள் என்றால் இடைவெளி இன்னும் சுருங்கும். ஏழு இருக்கை வண்டியில் ஒரே ஆள் உட்கார்ந்து போவதற்குத்தான் எந்தக் கணக்கிலும் நியாயம் கிடைப்பதில்லை.

ஆபீஸ் ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்). எனக்கு என்ன வழி?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சென்னையின் ரயில் பாதை நகரத்தின் பழைய வேலை இடங்களைப் பார்த்துப் போட்டது. பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. ஆபீஸ், கோர்ட், துறைமுகம், கடைத்தெரு எல்லாம் வடக்கே பாரிமுனைப் பக்கம், குடியிருப்புகள் தெற்கே. காலையில் வடக்கே போ, சாயங்காலம் தெற்கே வா என்பதுதான் அந்தப் பாதையின் அர்த்தம். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் திறந்த பிறகு வேலை தென்கிழக்கே நகர ஆரம்பித்தது. பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக வந்தன, ரயில் கூட வரவில்லை. பெரும்பாலும் தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயில் 1995-ல் பீச்சிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 1997-ல் மயிலாப்பூரைத் தொட்டு, 2007-ல் வேளச்சேரி வந்து சேர்ந்தது. திருவான்மியூர், தரமணி, பெருங்குடி என்று ஓஎம்ஆரை உரசிக்கொண்டு வருகிற அந்த ரயில், சரியாக நமக்கு வேண்டிய நேரத்தில் மேற்கே வேளச்சேரிப் பக்கம் திரும்பிவிடும்.

அதனால் டைடல் பார்க்கோ தரமணியோ என்றால் பறக்கும் ரயிலைத் தயங்காமல் பிடியுங்கள். ஸ்டேஷன்கள் பெரிய பெரிய குகை மாதிரி இருக்கும், சாயங்காலம் சில இடங்களில் வெளிச்சம் போதாது, ஆனால் வண்டிக்குள் மூச்சு விட இடம் கிடைக்கும்.

துரைப்பாக்கத்துக்குத் தெற்கே என்றால் பஸ்தான். கோயம்பேட்டிலிருந்து வரும் 570, சைதாப்பேட்டைப் பக்கமிருந்து 19பி, பிராட்வேயிலிருந்து 102 என்று ஓஎம்ஆர்க்காரர்கள் தூக்கத்தில்கூடச் சொல்லும் நம்பர்கள் உண்டு. ஆனால் பஸ்ஸும் காரும் ஒரே ரோட்டில் ஒரே சிக்னலில்தான் நிற்கின்றன. பஸ்ஸுக்கென்று தனிப் பாதை கிடையாது. மெட்ரோ வேலைக்காக நடு ரோட்டில் தடுப்பு போட்டு, ஒவ்வொரு பக்கமும் சுருங்கிப்போன பிறகு இன்னும் மோசம். காரில் போகிறவன் ஏசியில் நிற்கிறான், பஸ்ஸில் போகிறவன் வியர்த்துக்கொண்டு நிற்கிறான், நேரம் ஒன்றுதான். அப்படியிருக்க ஒருவர் காரை எடுத்தால் அவரைச் சுயநலவாதி என்று சொல்ல எனக்கு மனசு வராது. நானே நான்கு வருஷம் அதைத்தான் செய்தேன்.

என்னை மாதிரி, குரோம்பேட்டை வழியாகப் போகும் ஜிஎஸ்டி ரோட்டுப் பக்கம் குடியிருப்பவர்கள் நிலைமை இன்னும் தனி. நமக்குக் குறுக்கே போக வேண்டும். பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் ரோடு, இல்லாவிட்டால் மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர். குறுக்கே போகும் ரயில் கிடையாது, பஸ்ஸும் அளந்துதான் வரும். காலை எட்டரைக்குக் கீழ்க்கட்டளை தாண்டி ஈச்சங்காடு சிக்னலில் நின்று பாருங்கள். ஒரு பச்சை விளக்குக்கு எத்தனை வண்டி நகர்கிறது என்று எண்ணியே என் மகன் கூட்டல் கற்றுக்கொண்டான்.

மெட்ரோ இரண்டாம் கட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

நிறைய மாறும். 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள், 63,246 கோடி ரூபாய் திட்டம். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை ஒரு தடம் ஓஎம்ஆர் முழுக்க வருகிறது. மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் ஆலந்தூர், மேடவாக்கம் வழியாக வருகிறது. நான் மேலே புலம்பிய குறுக்குப் பயணத்துக்கு ஓரளவு பதில் இதுதான். கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி மூன்றாவது.

முதல் கட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்பேடு–ஆலந்தூர் 2015-ல் திறந்தபோது வேடிக்கை பார்க்கத்தான் கூட்டம் வந்தது. 2019-ல் அண்ணா சாலை முழுக்க முடிந்து, 2021-ல் விம்கோ நகர் வரை நீண்ட பிறகுதான் அது ஆபீஸ் வண்டியாக மாறியது. 2025 ஜூலையில் முதன்முறையாக ஒரே மாதத்தில் ஒரு கோடிப் பயணத்தைத் தாண்டியது. துண்டு துண்டாகத் திறக்கும்போது காலியாக ஓடும், இணைந்துவிட்டால் நிற்க இடம் இருக்காது.

பைக்கைப் பற்றிப் பேசவே இல்லையே?

பேசித்தான் ஆகவேண்டும். இந்த ஊரில் காரா பஸ்ஸா என்று கேட்டால் பாதிப் பேர் ஹெல்மெட்டைக் காட்டுவார்கள். பதிவான வண்டிகளில் பெரும்பங்கு இருசக்கர வாகனம்தான். லிட்டருக்கு 45–50 கிலோமீட்டர், சந்து பொந்தில் நுழையலாம், ஆபீஸ் வாசல் வரை போகலாம், பார்க்கிங் தொல்லை இல்லை. 15 கிலோமீட்டருக்குள் என்றால் நேரத்தில் இதை எதுவும் ஜெயிக்காது. முதுகுவலி, வெயில், தண்ணி லாரி, மழைக்காலத்தில் மூடி இல்லாத பள்ளம், இந்த நான்கும்தான் எதிர்க்கட்சி. நாற்பது வயதுக்கு மேல் முதுகு ஓட்டு போடத் தொடங்கிவிடும், என் விஷயத்தில் அதுதான் நடந்தது.

பைக்கில் ஸ்டேஷன் வரை போய், அங்கே ஸ்டாண்டில் போட்டுவிட்டு ரயில் ஏறுவதுதான் உண்மையில் எனக்குத் தெரிந்தவரை மிகச் சிறந்த ஏற்பாடு. தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் ஆயிரக்கணக்கானவர்கள் வருஷக்கணக்காக இதைத்தான் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பெண்களுக்கு எது சௌகரியம்?

இதற்கு என் மனைவி சொல்லச் சொல்ல எழுதுகிறேன். 2021 மே மாதத்திலிருந்து வெள்ளை போர்டு போட்ட சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை. அட்டை காட்ட வேண்டியதில்லை, ஏறி உட்கார வேண்டியதுதான். பக்கத்து அபார்ட்மெண்டில் வீட்டு வேலை செய்யும் அக்கா ஒருவர், முன்பு பஸ் காசு போக மிச்சம் இல்லை என்று தூரத்து வீடுகளை ஒப்புக்கொள்ள மாட்டார். இப்போது இரண்டு பஸ் மாறிக்கூடப் போகிறார். இந்த வித்தியாசம் காரில் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

சிக்கல் பஸ்ஸுக்குள் இருப்பதை விட பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் என்கிறாள். ஸ்டாப்பிலிருந்து ஆபீஸ் வரை நடைபாதை இல்லாத ரோடு, தெருவிளக்கு இல்லாத சர்வீஸ் ரோடு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஷேர் ஆட்டோ கிடைக்காத இடம். மெட்ரோவில் மகளிர் பெட்டி இருக்கிறது, கேமரா இருக்கிறது, பயமில்லை. லோக்கலில் லேடீஸ் கோச் காலையில் நல்ல கூட்டமாகவும், ராத்திரி பத்துக்கு மேல் ரொம்பக் காலியாகவும் இருக்கும். காலியாக இருப்பதுதான் தொந்தரவு, அந்த நேரத்தில் பொதுப் பெட்டியில் குடும்பத்தோடு வருகிறவர்கள் பக்கத்தில் உட்காருவது உத்தமம் என்பது அவள் கட்சி. நைட் ஷிஃப்ட் என்றால் பேச்சே இல்லை, வீட்டு வாசலில் இறக்கிவிடும் வண்டியைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள்.

கம்பெனி பஸ் எப்படி?

கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிட்டு, கண்ணை மூடியபடியே தூங்கிக்கொண்டு போகலாம். குறை ஒன்றுதான், அதன் நேரத்துக்கு நீங்கள். என் பழைய ஆபீஸில் சாயங்காலம் ஆறேகாலுக்குக் கடைசி பஸ், ஆறு மணிக்குத்தான் மேனேஜருக்குப் பேச்சு ஊற்றெடுக்கும். வாரம் இரண்டு முறை பஸ் போய்விடும், அதற்குப் பிறகுதான் கார் வாங்கினேன். நகைச்சுவைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே காரணம் அதுதான்.

இந்தச் செலவுக்கு வருமான வரியில் ஏதாவது கழிக்கலாமா?

போக்குவரத்துப் படி என்று மாதம் 1,600 ரூபாய் வரை வரி விலக்கு முன்பு இருந்தது. 2018 பட்ஜெட்டில் அதை எடுத்துவிட்டு நிலையான கழிவு என்று எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்துவிட்டார்கள். அதனால் இப்போது நீங்கள் காரில் போனாலும் காலில் நடந்தாலும் கழிவு ஒன்றுதான். மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு மட்டும் போக்குவரத்துப் படிக்கு விலக்கு தொடர்கிறது. கம்பெனி பஸ்ஸில் வீட்டிலிருந்து ஆபீஸ் போய்வருவது வரிக்குரிய சலுகையாகக் கணக்கில் வராது.

கூட்டத்தில் நசுங்கிப் போய் ஆபீஸில் என்ன வேலை செய்வது?

நியாயமான கேள்வி. எட்டே முக்கால் வண்டியில் கிண்டியில் இறங்குவது தனிக் கலை. பரங்கிமலை தாண்டியதுமே வாசல் பக்கம் நகரத் தொடங்க வேண்டும், "கிண்டியா, கிண்டியா" என்று முன்னால் நிற்பவரைக் கேட்டுக்கொண்டே. அவர் மாம்பலம் என்றால் இடம் மாற்றிக்கொள்வார், கிண்டி என்றால் அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டால் போதும், கூட்டமே இறக்கிவிடும். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். செல்போன் சட்டைப் பையில் வேண்டாம். வாசலில் தொங்கும் கல்லூரிப் பையன்களோடு போட்டி போட வேண்டாம்.

இந்தப் பதினேழு நிமிஷம் பிடிக்கவே பிடிக்காது என்றால் இரண்டு வழி. ஏழே முக்கால் வண்டிக்கு மாறுங்கள், உட்கார இடம்கூடக் கிடைக்கலாம். இல்லாவிட்டால் 2025 ஏப்ரலில் வந்த ஏசி லோக்கல், குறைந்தது 35 ரூபாய் என்பதால் கூட்டம் தானாகவே குறையும், ஆனால் நாளைக்கு சில வண்டிகள்தான், நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கொசுறு. காரில் போன நாட்களில் வீட்டுக்கு வந்ததும் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுவேன், ஈச்சங்காடு சிக்னலை வீட்டுக்குள் கொண்டுவருவதாக மகள் சொல்வாள். ரயிலில் நசுங்கினாலும் கோபம் யார் மேலும் வருவதில்லை, ஏன் என்று புரியவில்லை. ஒருவேளை ஓட்டுவது நானில்லை என்பதாலோ என்னவோ.

மழை வந்தால்?

நவம்பர், டிசம்பரில் எதையும் நம்பாதீர்கள். ரயில் பாதையில் தண்ணீர் நின்றால் லோக்கல் மெதுவாகும், சில நாள் நிற்கும். பஸ் பாதி வழியில் கட் சர்வீஸ் ஆகிவிடும். மெட்ரோதான் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்டேஷன் வாசலில் முட்டியளவு தண்ணீர் இருந்தால் அது வேறு. காருக்கு மழை என்பது போய்ச் சேர்வது பற்றிய கவலை மட்டும் இல்லை, எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் ஒரு மாதச் சம்பளம் போச்சு. 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அடிபட்டவர்கள்தான் 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் காரை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நாடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, நானும் இடம் தேடினேன்.

ஒரே கார்டில் எல்லாம் போகலாமா?

கிட்டத்தட்ட. மெட்ரோவில் சிங்காரச் சென்னை கார்டு இருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, லோக்கல் மூன்றுக்கும் சேர்த்து ஒரே க்யூஆர் டிக்கெட் எடுக்கலாம், ஆட்டோவும் பிடிக்கலாம். பஸ்ஸே கதி என்று இருப்பவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 1,000 ரூபாய் மாத பாஸ் நல்லது, ஏசி பஸ்ஸும் வேண்டுமென்றால் 2,000. கண்டக்டர் "சில்லறை இருந்தா ஏறு" என்று சொல்லும் காலம் மலையேறிக்கொண்டிருக்கிறது, முழுசாக இன்னும் ஏறவில்லை.

வாரம் மூன்று நாள்தான் ஆபீஸ். சீசன் எடுப்பது லாபமா?

லோக்கலுக்கு எடுங்கள், பன்னிரண்டு நாள் போனாலும் பெரிய நஷ்டம் வராது, வரிசையில் நிற்கும் தொல்லை போகும். ஆயிரம் ரூபாய் பஸ் பாஸுக்கு யோசியுங்கள், மாதம் பன்னிரண்டு நாள் என்றால் நாளைக்கு 83 ரூபாய்க்கு மேல் உங்களுக்கு பஸ் செலவு இருக்கிறதா என்று பாருங்கள். திங்கள், வெள்ளி வீட்டில் இருந்தால் நல்லது என்று எல்லோரும் செவ்வாய், புதன், வியாழனே வருகிறார்கள். அதனால் அந்த மூன்று நாளும் ரோடு பழையபடிதான்.

மேனேஜர் ஆன பிறகும் ரயிலா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்களே?

கேட்பார்கள். என் சித்தப்பா ஒரு கல்யாணத்தில் நாலு பேர் முன்னால், "கார் கடன் கட்ட முடியலையா?" என்று விசாரித்தார். கடன் முடிந்துவிட்டது சித்தப்பா என்றேன், நம்பவில்லை. கார் வாசலில் நின்றால் போதும், தினமும் ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை. என் கார் இப்போது கோயில், ஆஸ்பத்திரி, ஊருக்குப் போவது, ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் இவற்றுக்குத்தான்.

காருக்கு வரி போட்டால் ஆட்கள் ரயிலுக்கு மாறுவார்களா?

சிங்கப்பூரில் 1975-லேயே நகர மையத்துக்குள் கார் நுழையக் காசு வாங்க ஆரம்பித்தார்கள், 1998-ல் அதை மின்னணு முறைக்கு மாற்றினார்கள். கார் வாங்கவே 1990 முதல் ஏலத்தில் உரிமைச் சீட்டு எடுக்க வேண்டும். லண்டனில் 2003-ல் நுழைவுக் கட்டணம் வந்தது. இங்கேயும் போடலாமே என்று டீக்கடையில் சொல்வது சுலபம். ஆனால் அங்கெல்லாம் காரை விட்டு இறங்கினால் ஏறுவதற்கு ஒரு வண்டி இருந்தது. நம்மிடம் மூவாயிரத்துச் சொச்சம் மாநகர பஸ்தான், இந்த ஊர் அளவுக்குக் காணவே காணாது. துரைப்பாக்கம்காரனிடம் வரியை மட்டும் வசூலித்துவிட்டு ரயிலைப் பிறகு கொடுக்கிறேன் என்றால் எப்படி? முதலில் ஓஎம்ஆரில் பஸ்ஸுக்கு ஒரு தனிப் பாதை விடட்டும். காரைவிட பஸ் முந்திப் போவதைக் கண்ணால் பார்த்தாலே பாதிப் பேர் மாறிவிடுவார்கள்.

புதிதாக வீடு பார்க்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

"ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷம்" என்று புரோக்கர் சொன்னால் அது பைக்கில், காலை ஐந்து மணிக்கு. நீங்களே ஆபீஸ் செருப்பு போட்டு, பையோடு நடந்து பாருங்கள், முடிந்தால் மழை பெய்த மறுநாள். பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஆனால் நாளடைவில் நடக்க மாட்டீர்கள், ஆட்டோ பிடிப்பீர்கள், ஆறு மாதத்தில் பைக் எடுப்பீர்கள். ரயில்வே கேட் அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதையும் பாருங்கள். வாடகை இரண்டாயிரம் கூட என்றாலும் ஸ்டேஷன் பக்கமே எடுக்கச் சொல்வேன். ஆபீஸ் நிச்சயம் இடம் மாறும், என்னுடையது எட்டு வருஷத்தில் மூன்று முறை மாறியது. ஸ்டேஷன் மாறாது.

அப்போ உங்கள் காரை விற்றுவிடலாமே?

போன வாரம்தான் பாட்டரி மாற்றினேன். ஓட்டாமல் நின்றே செத்துவிட்டது.